மாத்திரை ஓசி, வரிசைக்கு ஒருநாள் கூலி

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா முழுசா படிங்க. உங்க வீட்டுல பிபி மாத்திரையோ சுகர் மாத்திரையோ சாப்பிடுற ஒருத்தராவது இருப்பாங்க. அவங்களுக்காகப் படிங்க.

1. போன மாசம் ஒரு நைட் டூட்டி. சத்திரப்பட்டிப் பக்கமிருந்து ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. வயசு ஐம்பதைத் தாண்டியவர். தறி ஓட்டுறவர். வலது கையும் காலும் விழுந்துருச்சு. வாய் கோணியிருக்கு. பேச்சு குழறுது. காலையில எந்திரிக்கும்போதே கை மரத்த மாதிரி இருந்திருக்கு. படுத்த கோளாறு போலன்னு விட்டுட்டாங்க. மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அவர் எங்ககிட்ட வந்தப்போ பன்னெண்டு மணி நேரம் தாண்டியிருச்சு.

2. பிபி 210/120. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். கடைசியா மாத்திரை வாங்கி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. "ஏம்மா நிறுத்துனாரு?"ன்னு கோபமாத்தான் கேட்டேன். அந்தம்மா சொன்ன பதில் இது: "மாத்திரை ஓசிதான் சார். அத வாங்க வந்தா ஒருநாள் தறி நின்னுருதே."

3. அட்டையைத் திருப்பினேன். அதுக்கு முன்னாடி மூணு தடவை ஓ.பி.க்கு வந்திருக்கார். மூணு தடவையும் கையெழுத்து என்னோடது. எனக்கு அவர் முகம் ஞாபகம் இல்ல. ஏன் வேலையை விட்டுட்டு வந்தார், எப்போ வீட்டுக்குப் போனார்னு ஒரு தடவையும் நான் கேட்கல. அதனால இந்த த்ரெட்ல நான் திட்டப்போற ஆட்கள்ல முதல் ஆள் நான்தான்.

4. சத்திரப்பட்டி தெரியாதவங்களுக்கு: ராஜபாளையத்துக்குப் பக்கத்துல இருக்கு. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். காயத்துல வைக்கிற காஸ், சுத்துற கட்டுத்துணி எல்லாம் அங்க தறியில ஓடுது. ஆஸ்பத்திரிக்குத் துணி நெய்யுற மனுஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துபோக நேரம் கட்டுப்படியாகல. இதை எப்படிச் சொன்னாலும் கேவலமாத்தான் இருக்கு.

5. அந்த வாரம் எனக்கு ஒருநாள் லீவு. கையில ஒரு வாட்ச், ஒரு நோட்டு. மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர்கிட்ட அனுமதி கேட்டு, அவர் பின்னாடியே நடந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்ல. நீங்க உங்க ஊர்ல போய்ப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

6. காலை 7.30க்கு வாசல். 11.10க்கு கையில மாத்திரை. மொத்தம் 220 நிமிஷம். அதுல ஓ.பி. சீட்டு போட்டது 1 நிமிஷம். பிபி பார்த்தது 2. டாக்டர் பார்த்தது 3. மாத்திரை கொடுத்தது 2. ஆக 8 நிமிஷம். மீதி 212 நிமிஷம் அவர் நின்னார், உட்கார்ந்தார், நடந்தார், மறுபடி நின்னார். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நாள். இது ஆராய்ச்சி இல்லைதான். ஆனா அந்த 212 நிமிஷம் நிஜம்.

7. இந்த 212 நிமிஷத்துக்கு ஜப்பான்காரங்க ஒரு பேர் வச்சிருக்காங்க. "முடா". நம்ம மொழியில வீண். டொயோட்டா கார் கம்பெனியில எஞ்சினியரா இருந்த தைய்ச்சி ஓனோ, தொழிற்சாலையில நடக்குற வீணை ஏழு வகையாப் பிரிச்சார். தேவைக்கு மேல தயாரிப்பது, காத்திருப்பு, பொருளை அங்கிட்டும் இங்கிட்டும் தூக்குறது, தேவையில்லாத கூடுதல் வேலை, அளவுக்கு மீறின இருப்பு, ஆட்களோட வீண் நடை, தப்பும் அதைத் திருத்துறதும். பின்னாடி வந்தவங்க எட்டாவதா ஒண்ணு சேர்த்தாங்க: வேலை செய்யுறவங்களோட மூளையைப் பயன்படுத்தாம விடுறது.

8. இதைத்தான் 1980களோட கடைசியில அமெரிக்காவுல "லீன்"னு பேர் மாத்தி வித்தாங்க. இப்போ நமக்கும் பயிற்சி வகுப்புல வருது. பிபிடி போடுறாங்க, பிஸ்கட் கொடுக்குறாங்க, போட்டோ எடுக்குறாங்க. நான் உட்கார்ந்த வகுப்புல இதுக்குச் சொன்ன விளக்கம்: "குறைஞ்ச ஆளை வச்சு நிறைய வேலை வாங்குறது." இந்த ஒரு வரிதான் என்னை இந்த த்ரெட்டை எழுத வச்சது. இது பச்சைப் பொய்.

9. ஏன் பொய்? 1950ல டொயோட்டா திவாலாகுற நிலைமைக்குப் போச்சு. ஆட்களை வெளியே அனுப்பப் பார்த்தாங்க. பெரிய வேலைநிறுத்தம் வந்துச்சு. கடைசியில கம்பெனியோட தலைவர் கிச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். அதுல இருந்து அவங்க கத்துக்கிட்ட பாடம் ரொம்ப எளிசு. வேலையைச் சுலபமாக்க வழி சொன்னவனுக்கே வேலை போகும்னா, எவன் வழி சொல்லுவான்? ஆள் குறைக்கணும்னு நினைக்கிறவன் கையில இந்தப் பட்டியலைக் கொடுத்தா, அது வீணைக் கண்டுபிடிக்காது. மனுஷனைத்தான் வீண்னு சொல்லும்.

10. இன்னொரு விஷயம். எது வீண்னு யார் முடிவு பண்றது? டொயோட்டாவுல கார் வாங்குறவர் பக்கமிருந்து பார்த்தாங்க. ஆஸ்பத்திரியில நோயாளி பக்கமிருந்துதான் பார்க்கணும். நாம அப்படிப் பார்க்குறோமா? டாக்டரோட நேரத்துக்கு மதிப்பு இருக்கு. மெஷினோட நேரத்துக்கு மதிப்பு இருக்கு. நோயாளியோட நேரத்தை மட்டும் நாம பூஜ்யம்னு எழுதி வச்சிருக்கோம். பூஜ்யத்தை எத்தனை பேரால பெருக்கினாலும் பூஜ்யம்தானே? அதனாலதான் தினமும் காலையில நூத்துக்கணக்கான பேர் நின்னாலும் எந்த அறிக்கையிலயும் அது நஷ்டமா வர்றதே இல்ல.

11. ராஜபாளையம் மில்லு ஊர். 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்ச காலத்துல இருந்து இங்க வீட்டுக்கு வீடு நூல் வேலை தெரியும். என்கிட்ட வர்ற ஒரு ரிட்டயர்டு மில் தொழிலாளி சொன்னார்: "எங்க மில்லுல ஒரு ஸ்பிண்டில் சும்மா சுத்துனா சூப்பர்வைசர் ஓடியாருவார் சார். இங்க இத்தன மனுசங்க சும்மா நிக்கிறோம், ஏன்னு கேக்க ஒரு ஆள் வரல." நான் சிரிச்சு மழுப்பிட்டேன். பதில் இல்ல.

12. சரி, அந்த எட்டு வகையில நம்ம ஆஸ்பத்திரியில எதெல்லாம் இருக்குன்னு பார்ப்போம். காத்திருப்பு பார்த்தாச்சு. அடுத்து நடை. சீட்டு வாசல்ல. பிபி ஒரு கட்டடம். டாக்டர் இன்னொரு கட்டடம். மாத்திரை அந்தக் கோடி. முட்டிவலிக்கு வந்த பாட்டியை அரை கிலோமீட்டர் நடக்க விட்டுட்டு "நடையைக் குறைங்க பாட்டி"ன்னு அறிவுரை சொல்றோம்.

13. கூடுதல் வேலை. இதுதான் நர்ஸுகளைக் கொல்லுது. அதே பேர், அதே வயசு, அதே ஊர், அதே பிபி. ஒரு நோட்டு, இன்னொரு நோட்டு, மாத ரிப்போர்ட்டுக்கு மூணாவது நோட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, செல்போன் ஆப்ல ஒண்ணு. ஆய்வுக்கு வர்ற அதிகாரியும் நோட்டைத்தான் பார்க்குறார். நோட்டு சுத்தமா இருந்தா வார்டு நல்லா இருக்குன்னு அர்த்தம். நோயாளி கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசின நர்ஸுக்கு எந்த காலத்துலயும் மார்க் இல்ல, ஏன்னா அதுக்கு நோட்டு இல்ல.

14. தப்பும் திருத்தமும். ரத்தம் எடுத்த ட்யூப்ல பேர் மாறிப்போச்சு, திரும்ப எடு. போன் நம்பர் ஒரு எண் தப்பு, ஆளைக் கூப்பிட முடியல. ஒவ்வொண்ணும் சின்னது. ஆனா அடுத்தநாள் திரும்ப வரச் சொல்ற ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தருக்கு ஒருநாள் கூலி போகுது.

15. தேவைக்கு மேல தயாரிப்பு. ஓனோ இதைத்தான் எல்லாத்தையும் விட மோசம்னு சொன்னார். "அரசு ஆஸ்பத்திரிதான் இப்படி, பிரைவேட் எல்லாம் சூப்பர்"னு கமெண்ட் போட ரெடியா இருக்கிறவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல தனியார் ஆஸ்பத்திரியில நடந்த பிரசவங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 64 சிசேரியன். அரசுல 36. அந்த 36ம் பெருமைப்படுற எண் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா ஏசி ரூம்ல உட்காரவச்சுத் தேவையில்லாத ஆபரேஷனைப் பண்றதுக்குப் பேரு திறமை இல்ல. அதுவும் வீண்தான். பில்லு உங்களுக்கு வர்ற வீண்.

16. இருப்பு. இதுல மட்டும் நாம காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். ஒரு காலத்துல மருந்து ஒரு ஆஸ்பத்திரியில மலையாக் குவிஞ்சு காலாவதி ஆகும், பக்கத்து ஆஸ்பத்திரியில இல்லவே இல்ல. 1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்துச்சு. மொத்தமாக் கொள்முதல், தரப் பரிசோதனை, மாவட்டத்துக்குக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். உங்க கணக்குல உள்ள தொகைக்கு உங்களுக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கலாம். பின்னாடி கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இதே மாதிரி கழகம் ஆரம்பிச்சாங்க. எந்த ஜப்பான் வார்த்தையும் சொல்லாம நம்ம ஆட்கள் பண்ணின லீன் இது.

17. அப்போ பாருங்க. மருந்து பெட்டி கிடங்குல தேங்கக் கூடாதுன்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சோம். மனுஷன் வராண்டாவுல தேங்கக் கூடாதுன்னு இன்னும் யோசிக்கல.

18. முடியாதா? மதுரைக்குப் போவோம். 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரசுப் பணியில இருந்து ரிட்டயர் ஆன பிறகு ஆரம்பிச்சது. நம்ம ஆளு. முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போன கையோட கண் ஆபரேஷன் பண்ணினவர்.

19. அங்க ஒரு டாக்டருக்கு ரெண்டு ஆபரேஷன் டேபிள். ஒண்ணுல வேலை முடியும்போது பக்கத்து டேபிள்ல அடுத்தவர் ரெடி. டாக்டர் திரும்பினா போதும். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்வார். மீதி எல்லாத்துக்கும் பயிற்சி கொடுத்த பெண்கள். லென்ஸ் விலை கட்டுப்படியாகலன்னதும் 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சு லென்ஸையே தயாரிச்சாங்க. நம்ம மாவட்டத்துல எத்தனையோ தாத்தா பாட்டிங்க அங்க போய்ப் பார்வையோட திரும்பியிருக்காங்க.

20. "கண்புரை ஒரே மாதிரி வேலை, பொது ஓ.பி. அப்படியா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பொது ஓ.பி.யில காய்ச்சல், வயித்துவலி, நாய்க்கடி, சர்டிபிகேட் எல்லாம் கலந்து வரும். ஆனா அதுல ஒரு பெரிய கூட்டம் ஒரே மாதிரிதான் வருது. போன மாசம் வாங்கின அதே மாத்திரையை இந்த மாசமும் வாங்க வர்றவங்க. அவங்களைப் பிரிச்சாலே பாதிப் பாரம் இறங்கும்.

21. இதை எனக்குச் சொன்னது எந்த கன்சல்டன்டும் இல்ல. எங்க ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற அக்கா. "மாத்திரைக்கு வந்தவுகளையும் காய்ச்சக்காரவுகளையும் ஒண்ணா நிப்பாட்டுறீக. பழைய ஆளுகளுக்கு ஒரு மேசை தனியாப் போட்டா என்ன சார்?" பல வருஷமா அந்த வராண்டாவைக் கூட்டுறாங்க. வரிசை எங்க முட்டுது, எங்க உடையுதுன்னு எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத் தெரியும். யாரும் அவங்களைக் கேட்டதில்ல. எட்டாவது வீண் இதுதான்.

22. போட்டோம். ஒரு மேசை, ஒரு பெஞ்ச், ஒரு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட். பிபி அங்கேயே பார்ப்பாங்க. சரியா இருந்தா மாத்திரை அங்கேயே. அதிகமா இருந்தா, இல்ல வேற ஏதாவது தொந்தரவு சொன்னா மட்டும் டாக்டர்கிட்ட. மூணு வாரம் ஓடுச்சு. பெரும்பாலானவங்க ஒரு மணி நேரத்துக்குள்ள கிளம்பினாங்க. தறிக்காரங்க அரைநாள் வேலையாவது பார்த்தாங்க. எனக்கும் காய்ச்சல் குழந்தைகளை நிதானமாப் பார்க்க நேரம் கிடைச்சுது.

23. நாலாவது வாரம் மேல இருந்து ஒரு கேள்வி வந்துச்சு. "எந்த ஆணையின்படி?" ஆணை இல்ல. மேசை திரும்ப ஸ்டோர் ரூமுக்குப் போயிருச்சு. நான் சண்டை போட்டிருக்கணும். போடல. ரெண்டு மாசம் கழிச்சு சத்திரப்பட்டிக்காரர் கை விழுந்து வந்தார். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு என்னால நிரூபிக்க முடியாது. இல்லன்னு என் மனசை ஏமாத்தவும் முடியாது.

24. டொயோட்டாவுல ஒரு கயிறு உண்டு. வரிசையில நிக்கிற எந்தத் தொழிலாளியும், ஏதோ தப்புன்னு தோணினா இழுக்கலாம். பிரச்சனை தீரலன்னா மொத்த வேலையும் நிக்கும். இழுத்தவனைத் திட்ட மாட்டாங்க. அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல வர்ஜீனியா மேசன்னு ஒரு ஆஸ்பத்திரி. 2002ல டொயோட்டா முறையைக் கையில எடுத்து, இதே உரிமையைத் தங்க ஊழியர்களுக்குக் கொடுத்துச்சு.

25. இதுக்கு சியாட்டில் வரைக்கும் போகணுமா? ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாங்க. ஆண்டாள் தேர் எவ்வளவு பெருசு! ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறாங்க. ஆனா தேரை நிறுத்துறது யாரு? சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட ஓடுறவர். அவர் கட்டையைப் போட்டா தேர் நிக்கணும். கலெக்டரே வடம் பிடிச்சாலும் நிக்கணும். "எந்த ஆணையின்படி போட்ட?"ன்னு அவரை யாரும் கேட்கிறதில்ல. கேட்டா தேர் வீட்டுக்குள்ள போயிரும்னு எல்லாருக்கும் தெரியும்.

26. நம்ம ஆபீஸ் பாஷையில மட்டும் முட்டுக்கட்டைன்னா கெட்ட வார்த்தை. ஒரு நர்ஸ் "இந்த ரெண்டு மருந்துக் குப்பியும் ஒரே நிறத்துல இருக்கு, ஒரே தட்டுல வைக்காதீங்க"ன்னு சொன்னா அவங்க பிரச்சனை பண்றவங்க. நாளைக்கு மாத்திப் போட்டுட்டா அவங்களுக்கே மெமோ. மெமோ கொடுத்தா குப்பி நிறம் மாறிருமா? அடுத்து வர்ற நர்ஸும் அதே தட்டுல இருந்துதான் எடுக்கப்போறாங்க.

27. இப்போ வழக்கமா வர்ற வாதங்கள். "ஓசியில கிடைக்குதுல்ல, காத்திருந்தா என்ன?" ஓசி இல்லைங்க. தறிக்காரர் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுறார். அதுக்கு மேல ஒருநாள் கூலியையும் வராண்டாவுல விட்டுட்டுப் போறார். மாச சம்பளக்காரன் நான். எனக்கு லீவு எடுத்தாலும் சம்பளம் வரும். அவருக்கு தறி நின்னா அடுப்பு நிக்கும்.

28. "ஆள் பத்தல, அதான் வரிசை." பாதி உண்மை. ஆள் நிஜமாவே பத்தல. காலியிடத்தை நிரப்புங்கன்னு நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனா இருக்கிற நர்ஸோட நேரத்தை அஞ்சு நோட்டுக்கு எழுதக் கொடுத்துட்டு ஆள் பத்தலன்னு சொன்னா எப்படி? ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு குடம் தண்ணி கேட்கிறதுக்கு முன்னாடி ஓட்டையையும் அடைக்கணும். ரெண்டும் வேணும்.

29. "ஜனங்க எல்லாம் காலையில ஒரே நேரத்துல வந்தா என்ன பண்றது?" அவங்க ஊர் பஸ் அந்த நேரத்துக்குத்தான் வருது. ஓ.பி.யும் மத்தியானத்தோட முடிஞ்சுருது. பிந்தினா சீட்டு கிடைக்காதுங்கிற பயம். அந்தக் கூட்டத்தை உண்டாக்கினது நம்ம நேரப் பட்டியல். பழியை மட்டும் அவங்க தலையில போடுறோம்.

30. வரிசையைச் சுருக்குறதை விட ஒருபடி மேல, வரிசையே இல்லாம பண்றது. 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் அந்த யோசனைதான். பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். சத்திரப்பட்டிக்காரர் பேர் ஏன் அந்தப் பட்டியல்ல இல்ல? மூணு தடவை அவரைப் பார்த்த டாக்டர் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அந்த டாக்டர் யாருன்னு மூணாவது பதிவுலயே சொல்லிட்டேன்.

31. கேட்கிறது இதுதான். ஒண்ணு: பிபி, சுகர் கட்டுப்பாட்டுல இருக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு மாச மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்க. எச்ஐவி மருந்தை உலகத்துல பல நாடுகள்ல இப்படித்தான் கொடுக்குறாங்க. ரெண்டு: பழைய ஆட்களுக்குத் தனி மேசை, எழுத்துப்பூர்வமான ஆணையோட. மூணு: ஒரு தகவலை ஒரே ஒரு தடவை எழுதினா போதும். நாலு: காத்திருப்பு நேரத்தை அளந்து வாசல்ல போர்டுல எழுதுங்க. அஞ்சு: மாசம் ஒரு கூட்டம், அதுல கூட்டிப் பெருக்குறவங்க முதல்ல பேசணும், டீன் கடைசியா. ஆறு: இதைக் காரணம் காட்டி ஒரு பணியிடத்தையும் குறைக்கக் கூடாது.

32. சக டாக்டர்களுக்கு: தைய்ச்சி ஓனோ, தரையில சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள அதிகாரியை நிக்க வச்சுப் பார்க்கச் சொல்வார்னு ஒரு கதை பிரபலம். உங்களுக்கு வட்டம் வேண்டாம். ஒரே ஒரு லீவு நாள். ஒரு வாட்ச். ஒரு நோயாளி பின்னாடி நடங்க. நான் எம்பிபிஎஸ் படிச்ச அஞ்சரை வருஷத்துல யாரும் இதைச் சொல்லித் தரல.

33. மக்களுக்கு: எந்தக் காரணத்துக்காகவும் பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. வர முடியலன்னா வாய்விட்டுச் சொல்லுங்க, "சார், ஒருநாள் கூலி போகுது"ன்னு. வீட்டுக்கு மாத்திரை வர்ற பட்டியல்ல பேர் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. முகம் கோணினா, கை விழுந்தா, பேச்சு குழறினா ஒரு நிமிஷமும் யோசிக்காம 108. கோபம் வந்தா எங்களைக் கேள்வி கேளுங்க. சீட்டு போடுற தங்கச்சியையும் நர்ஸையும் திட்டாதீங்க. அவங்களும் அதே வரிசையில இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவங்க.

34. சத்திரப்பட்டிக்காரர் இப்போ பிழைச்சுக்கிட்டார். கால் கொஞ்சம் வந்திருக்கு. கை வரல. இனி தறி ஓட்ட முடியாது. பிசியோதெரபிக்கு அந்தம்மாதான் கூட்டிக்கிட்டு வர்றாங்க. அவங்களும் தறி வேலைக்குப் போறவங்கதான். முன்னாடி மாத்திரை வாங்க வந்தா ஒருத்தர் கூலி போச்சு. இப்போ ரெண்டு பேர் கூலி போகுது. நேத்தும் வந்திருந்தாங்க. வரிசையில நின்னாங்க.

35. ஸ்டோர் ரூம்ல இருந்து அந்த மேசையை வெளிய எடுத்துட்டேன். எந்த ஆணையின்படின்னு கேட்டா இந்த த்ரெட்டைக் காட்டுவேன்.


ஒரு அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்
விருதுநகர் மாவட்டம்